லேப்டாப்பில் எண்பதாயிரம் கோடி வோல்ட், போர்டில் பூஜ்யம்: சி-யில் இரண்டின் அடுக்கால் பெருக்குவது எப்படி?

குமுளி_தம்பி · வெள்ளி இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில் சின்னதாக ஒரு கண்காணிப்புப் பெட்டி செய்து கொண்டிருக்கிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம்.) விறகு அடுப்புச் சூட்டை உள்ளே பரப்ப இரண்டு டிசி ஃபேன். அவற்றுக்குக் கரண்ட் தருவது பழைய இரும்புக்கடையில் கிடைத்த சர்வர் பவர் சப்ளை. அது பிஎம்பஸ் பேசும், அதாவது பவர் சப்ளையோடு தகவல் பரிமாறும் ஒரு முறை. அதனால் லைன் வோல்டேஜ் எவ்வளவு வருகிறது என்று அதனிடமே கேட்டுக் கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அது 16 பிட் தருகிறது. லீனியர்-11 என்று பெயர். மேலே உள்ள 5 பிட் அடுக்கு, கீழே உள்ள 11 பிட் மான்டிசா, அதாவது எண்ணின் இலக்கப் பகுதி. இரண்டுக்குமே மைனஸ் உண்டு. மான்டிசாவை இரண்டின் அடுக்கால் பெருக்கினால் மதிப்பு. நேற்று வந்தது ஹெக்ஸில் எஃப்2ஈடி. கையால் பிரித்தேன்: அடுக்கு மைனஸ் 2, மான்டிசா 749. நாலால் வகுத்தால் 187.25 வோல்ட். எங்கள் லைனுக்கு அது சரியான கணக்குதான், இங்கே சாயங்காலம் ஆனால் பல்பு மஞ்சளாகத்தான் எரியும்.

சி மொழியில் எழுதிய புரோகிராமில் 1-இன் பிட்களை அடுக்கு அளவுக்கு இடப்பக்கம் ஷிப்ட் செய்து (தள்ளி), அதை மான்டிசாவோடு ஃப்ளோட்டில் (பின்னம் வைக்கும் எண் வகை) பெருக்குகிறேன். இடப்பக்கம் மைனஸ் இரண்டு என்றால் வலப்பக்கம் இரண்டுதானே என்ற நம்பிக்கை. லேப்டாப்பில் ஓட்டினால் 804232626176 வோல்ட். அதே கோடைப் போர்டில் ஏற்றினால் 0. அடுக்கைப் பிரிண்ட் செய்து பார்த்தேன், இரண்டிலும் ஒழுங்காக -2 என்றே வருகிறது. போர்டு எஸ்டிஎம்32 ப்ளூ பில், ஆர்ம் பிராசசர் கொண்ட சின்ன போர்டு. போனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது, அதனால் கோடைப் படமாகப் போட்டிருக்கிறேன்.

சும்மா_சொல்றேன் · இரவு 9:31

எண்பதாயிரம் கோடி வோல்ட்டா? இடுக்கி அணையில் அவ்வளவு கரண்ட் எடுக்கிறார்கள் என்று தெரியாமல் போயிற்று.

விளையாட்டு போகட்டும். அடுக்கு மைனஸ் என்றால் வலப்பக்கம் ஷிப்ட் செய், பிளஸ் என்றால் இடப்பக்கம். ஒரு இஃப் போட்டால் முடிந்தது.

மீட்டர்_அக்கா · இரவு 9:58

அப்படிச் செய்தால் 749-ஐ வலப்பக்கம் இரண்டு தள்ளி 187 கிடைக்கும். கால் வோல்ட் காணாமல் போகும். வோல்டேஜில் பரவாயில்லை. அதே சப்ளை கரண்ட்டை 0.75 ஆம்பியர் என்று சொன்னால் உங்களுக்குக் கிடைப்பது 0.

தம்பி, முதலில் உங்கள் இரண்டு விடைகளும் ஏன் வேறுபட்டன என்று சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் இனி ஜென்மத்துக்கும் மறக்காது. மைனஸ் எண்ணால் ஷிப்ட் செய்தால் என்ன ஆகும் என்று சி ஸ்டாண்டர்ட் வரையறுக்கவே இல்லை. கம்பைலர் என்ன செய்தாலும் அது அதன் இஷ்டம். நடைமுறையில் அது உங்கள் கோடை அப்படியே பிராசசரின் ஷிப்ட் கட்டளையாக மாற்றிவிட்டது. லேப்டாப்பில் உள்ள எக்ஸ்86 ஷிப்ட் எண்ணின் கடைசி 5 பிட்டை மட்டும் பார்க்கும். மைனஸ் 2-இன் கடைசி 5 பிட் 30. ஆக, 1-ஐ முப்பது இடம் தள்ளி 1073741824, அதை 749-ஆல் பெருக்கினால் உங்கள் எண்பதாயிரம் கோடி. ஆர்ம் பிராசசர் கடைசி 8 பிட்டைப் பார்க்கும். அது 254. 32 பிட் பெட்டியில் 254 இடம் தள்ளினால் எல்லாம் வெளியே விழுந்து 0. இரண்டு மெஷினும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

உங்களுக்கு வேண்டியது மேத் ஹெடரில் இருக்கிறது: எல்டிஎக்ஸ்பி. 'லோட் எக்ஸ்போனன்ட்' என்பதன் சுருக்கம். ஒரு ஃப்ளோட்டிங் எண்ணையும் ஒரு இன்ட்டையும் (முழு எண் வகை) கொடுத்தால், எண்ணை இரண்டின் அந்த அடுக்கால் பெருக்கித் தரும். 749.0, மைனஸ் 2 கொடுங்கள், 187.25 வரும். அடுக்கு பிளஸ்ஸா மைனஸா என்று நீங்கள் பார்க்கவே வேண்டாம். 1989-இன் ஏஎன்எஸ்ஐ சி-யிலிருந்தே இருக்கும் பங்ஷன், எந்தக் கம்பைலரிலும் கிடைக்கும்.

உங்கள் ப்ளூ பில்லில் இருப்பது கார்டெக்ஸ் எம்3, அதில் ஃப்ளோட் கணக்குக்கு ஹார்டுவேரே கிடையாது. எனவே பெயரின் கடைசியில் எஃப் சேர்த்த வடிவத்தைப் பயன்படுத்துங்கள். அது சி99-இல் வந்தது. எஃப் இல்லாமல் கூப்பிட்டால் உங்கள் 32 பிட் ஃப்ளோட் 64 பிட் டபுளாக மாறி, அந்தக் கணக்கு முழுவதையும் சாஃப்ட்வேரில் போட்டு, பிறகு திரும்பி வரும். விடை தப்பாகாது, நேரமும் இடமும் வீண்.

குமுளி_தம்பி · இரவு 10:20

அக்கா, நடந்துவிட்டது! 187.25. பிறகு லேப்டாப்பில் கம்பைல் செய்யும்போது அந்தப் பங்ஷனைக் காணோம் என்று லிங்கர் திட்டியது. மேத் லைப்ரரியைச் சேர்க்கும் 'எல்எம்'மை கட்டளையில் சோர்ஸ் ஃபைலுக்கு முன்னால் எழுதியிருந்தேன். பின்னால் நகர்த்தியதும் சரியாயிற்று.

மைனஸ் மான்டிசாவையும் சோதித்தேன். ஹெக்ஸில் எஃப்7எஃப்3 கொடுத்தால் -3.25 வருகிறது. அதிலுள்ள 11 பிட்டின் பிளஸ்-மைனஸ் குறியை முழு இன்ட்டுக்கும் நீட்ட, படத்தில் இருப்பதுபோல் 1024-உடன் எக்ஸ்-ஆர் போட்டு 1024-ஐக் கழிக்கிறேன். 2035 கொடுத்தால் -13 ஆகிறது. சரிதானே?

மீட்டர்_அக்கா · இரவு 10:26

ரொம்பச் சரி. அடுக்குக்கு அதே வித்தை 16-உடன்.

அவுட்புட் வோல்டேஜை மட்டும் இதே முறையில் படிக்காதீர்கள். பல சப்ளைகளில் அது வேறு வடிவம்: 16 பிட்டும் மான்டிசா, மைனஸ் கிடையாது, அடுக்கு தனியாக ஒரு மோட் பைட்டில் இருக்கும். அந்தப் பைட் ஹெக்ஸில் 17 என்றால் அடுக்கு மைனஸ் 9. 6272 வந்தால் எல்டிஎக்ஸ்பி அதை 12.25 ஆக்கும்.

சும்மா_சொல்றேன் · இரவு 10:44

ஒப்புக்கொள்கிறேன், ஷிப்ட் தப்பு. ஆனால் இதற்கு எதற்குப் பெயரே வாயில் நுழையாத ஒரு பங்ஷன்? பவ் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டின் அடுக்கைப் பவ்வில் எடுத்து மான்டிசாவால் பெருக்கு. எட்டாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். போடியில் நான் பில்லிங் மெஷினுக்கு எழுதிய கோடு எல்லாம் பவ்வில்தான் ஓடுகிறது, இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பழைய_பஞ்ச்கார்டு · சனி காலை 6:05

செங்கோட்டையிலிருந்து வணக்கம். ஓய்வு பெற்றவன், காலை நடைக்கு முன்னால் இந்த இழையைப் பார்த்துவிட்டேன், நடை போயிற்று.

சும்மா தம்பிக்கு முதலில் நியாயம் செய்துவிடுகிறேன். லீனியர்-11-இல் அடுக்கு மைனஸ் 16 முதல் 15 வரைதான். அந்த எல்லைக்குள் நல்ல லைப்ரரியின் பவ் துல்லியமான விடைதான் தரும். 32 எண் கொண்ட ஒரு அட்டவணை எழுதி வைத்துக்கொண்டாலும் போதும். ஆகவே குமுளித் தம்பியின் வேலைக்குப் பவ் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஃப்ளோட் ஹார்டுவேர் இல்லாத சின்ன போர்டில் பவ் ரொம்ப கனம் என்பது மட்டும்தான் குறை. பொதுவாக எந்த இரு எண்களுக்கும் அடுக்கு எடுக்க உள்ளே லாகரிதம், எக்ஸ்போனென்ஷியல் என்று பெரிய வேலை நடக்கும். எல்டிஎக்ஸ்பி செய்வதோ ஒரு சின்ன கூட்டல்.

அது ஏன் கூட்டல் மட்டும் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தாத்தா காலத்துக் கீழ்வாய் இலக்கம் நினைவிருக்கிறதா? அரை, கால், அரைக்கால், வீசம். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி: 1/2, 1/4, 1/8, 1/16. கம்ப்யூட்டருக்குப் பிடித்த வரிசை இதுதான். டபுள் ஒன்றுக்குள் 53 பிட் இலக்கங்களும், தனியே ஓர் அடுக்கும் இருக்கின்றன. வீசத்தால் பெருக்கு என்றால் இலக்கங்களை அது தொடுவதில்லை, அடுக்கில் 4-ஐக் கழிக்கிறது, அவ்வளவுதான். ஒரு பிட்கூட உதிராது. ஆனால் வீசத்துக்குக் கீழே காணிக்கு வாருங்கள். காணி 1/80. முந்திரி 1/320. ஐந்து உள்ளே நுழைந்துவிட்டது. முந்திரியை எந்த டபுளாலும் சரியாகச் சொல்ல முடியாது, ஓரம் தட்டித்தான் வைக்கும். 0.1-க்கு இருக்கும் அதே வியாதி.

அடுத்தது பவ் காலை வாரும் இடம். இரண்டின் 100-ஆம் அடுக்கை எடுத்துக்கொண்டு அதை மைனஸ் 1080 அடுக்கால் சுருக்கச் சொல்லுங்கள். விடை இரண்டின் மைனஸ் 980. டபுளுக்குள் அது நிம்மதியாக உட்காரும் எண். எல்டிஎக்ஸ்பி அதைத் தரும். பவ் வழியில் போனால், முதலில் இரண்டின் மைனஸ் 1080-ஐக் கணக்கிட வேண்டும். டபுளில் மிகச் சின்ன நேர்ம எண்ணே மைனஸ் 1074-ஆம் அடுக்குதான். எனவே பவ் 0 தரும், பிறகு எதைப் பெருக்கினாலும் 0. மறுபக்கமும் அப்படியே: இரண்டின் மைனஸ் 100-ஐ 1030 அடுக்கால் பெரிதாக்கினால் விடை 930-ஆம் அடுக்கு. பவ்வோ நடுவிலேயே முடிவிலிக்குப் போய்விடும். விடை எல்லைக்குள் இருந்தும் இடைவழியில் எண் செத்துப்போகிறது.

போடி_மாணவி · காலை 8:40

ஐயா, வகுப்பில் எங்களுக்கு ஸ்கால்ப்என் என்று இன்னொன்று சொன்னார்கள். நான் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், ஒரே விடை. ஒரே வேலைக்கு ஏன் இரண்டு பெயர்?

பழைய_பஞ்ச்கார்டு · காலை 9:15

உன் மெஷினில் ஒரே விடைதான் வரும் அம்மா. எல்டிஎக்ஸ்பி எப்போதும் இரண்டின் அடுக்கால் பெருக்கும். ஸ்கால்ப்என் அந்த மெஷினின் ஃப்ளோட் எண்கள் எந்த எண்ணின் அடுக்கில் அமைந்தனவோ, அந்த அடிமானத்தின் அடுக்கால் பெருக்கும். அந்த அடிமானம் ஃப்ளோட் ஹெடரில் ஃப்ளோட் ரேடிக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. இன்று நாம் தொடும் எல்லாவற்றிலும் அது 2. அதனால் வித்தியாசம் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மெயின்ஃப்ரேம் ஐபிஎம் சிஸ்டம் 360 பரம்பரை. 1964-இல் அறிவித்த குடும்பம். அதன் ஃப்ளோட் 16 அடிமானம். அடுக்கு ஒன்று கூடினால் எண் 16 மடங்காகும். அதில் ஒரு எண்ணை இரண்டால் பெருக்கினால் அடுக்கை மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது, உள்ளே இருக்கும் இலக்கங்களையே நகர்த்த வேண்டும், சில சமயம் கடைசி பிட் வெளியே விழும். அதாவது அங்கே எல்டிஎக்ஸ்பி இழப்பில்லாத வேலை அல்ல. 16-இன் அடுக்கால் பெருக்குவதுதான் இழப்பில்லாதது. அதற்குத்தான் சி99 ஸ்கால்ப்என்-ஐக் கொண்டுவந்தது.

கூடவே ஸ்கால்ப்எல்என் என்று லாங் வாங்கும் ஒன்றும் உண்டு. அதைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன், யாருக்கு அவ்வளவு பெரிய அடுக்கு என்று. பிறகு கணக்குப் போட்டேன். இன்டெலின் 80 பிட் லாங் டபுளில் மிகச் சின்ன எண் மைனஸ் 16445-ஆம் அடுக்கு, பெரியது 16383-ஐ ஒட்டி. சின்னதிலிருந்து பெரியதுக்கு ஒரே தாவலில் போக 32828 வேண்டும். 16 பிட் இன்ட்டில் அதிகபட்சம் 32767. அறுபத்தோரு எண் பற்றவில்லை! அதற்காக ஒரு பங்ஷன். ஸ்டாண்டர்ட் எழுதியவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

சும்மா_சொல்றேன் · காலை 9:50

சரி, ஐயா சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். "ஒரு பிட்கூட உதிராது" என்று எப்போதும் சொல்ல முடியுமா? ரொம்பச் சின்ன எண் ஆனால்?

மீட்டர்_அக்கா · காலை 10:30

நல்ல கேள்வி, எனக்கே ஒருமுறை அடி விழுந்த இடம். முடியாது. டபுளில் சாதாரண எண்களின் கீழ் எல்லை சுமார் 2.2 பெருக்கல் பத்தின் மைனஸ் 308. அதற்குக் கீழே சப்நார்மல் எண்கள். அங்கே அடுக்கைக் குறைக்க இடமில்லாததால் இலக்கங்களைத் தியாகம் செய்து சமாளிக்கும். எண்ணை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கினால் கடைசி பிட்கள் உதிரும். மறுபடி மேலே தூக்கினாலும் அவை திரும்பி வராது.

நாமே இந்தப் பங்ஷனை எழுத நினைத்தால் இங்கேதான் மாட்டுவோம். மைனஸ் 1080-ஐ ஒரே பெருக்கலில் செய்ய முடியாது என்பதால் இரண்டு மூன்றாக உடைப்போம். முதல் பெருக்கலிலேயே எண் சப்நார்மலுக்குள் போனால் அங்கே ஒருமுறை ஓரம் தட்டும், அடுத்த பெருக்கலில் இன்னொரு முறை தட்டும். இருமுறை தட்டினால் விடை ஒரு படி தள்ளிப் போகலாம். கடைசிப் பெருக்கலில் மட்டும் பள்ளத்துக்குள் இறங்குமாறு உடைக்க வேண்டும். மஸ்ல் என்ற சி லைப்ரரியின் கோடில் இதற்கென்றே ஒரு கமென்ட் இருக்கிறது, நேரம் கிடைத்தால் திறந்து பாருங்கள், மொத்தமே முப்பது வரிதான்.

மேல் எல்லையைத் தாண்டினால் ஹியூஜ்-வேல் வரும், அதாவது நம் மெஷின்களில் முடிவிலி. எர்நோ (பிழை எண் வைக்கும் மாறி) ஆதரவு இருக்கும் லைப்ரரி என்றால் அதில் ஈரேஞ்ச், அதாவது எல்லை மீறியது என்ற குறி, இருக்கும். முன்கூட்டியே எர்நோவை 0 ஆக்கிவிட்டுக் கூப்பிட்டால்தான் அது பொருள்படும். கீழ் எல்லையில் எர்நோ மாறுமா என்பதை ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. அதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுக்கு எப்போதும் மாறாத எண் என்றால், எடுத்துக்காட்டாக எப்போதும் 16-ஆல்தான் வகுக்கிறீர்கள் என்றால், எந்தப் பங்ஷனும் வேண்டாம். 0.0625-ஆல் பெருக்குங்கள், அதே துல்லியம். வீசம்தானே அது.

குமுளி_தம்பி · சனி இரவு 11:05

மன்னிக்கவும், மறுபடி நான்தான். படிப்பது ஒழுங்காக ஓடுகிறது. இப்போது எழுதுவதில் பிரச்சினை. ஃபேன் வேகத்தைச் சதவீதமாக அதே லீனியர்-11-இல் அனுப்ப வேண்டும். எஃப்ஆர்எக்ஸ்பி கொண்டு எண்ணைப் பிரிக்கிறேன். அது அரை முதல் ஒன்றுக்குள் ஒரு பின்னத்தையும் அடுக்கையும் தருகிறது. பின்னத்தை 1024-ஆல் பெருக்கி அருகிலுள்ள முழு எண்ணாக்கி மான்டிசாவில் வைக்கிறேன், அடுக்கில் 10 கழிக்கிறேன். நாள் முழுக்க ஓடுகிறது. திடீரென்று சில விநாடி ஃபேன் நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. உள்ளே காய் பச்சை நிறம் போகாமல் காய வேண்டும், நிறம் போனால் புற்றடியில் ஏலம் விடும்போது விலை போகாது. முதலாளி என்னைத்தான் பார்க்கிறார்.

போடி_மாணவி · இரவு 11:19

அண்ணா, நிற்கும்போது அனுப்பிய சதவீதம் என்ன என்று லாகில் இருக்கிறதா?

குமுளி_தம்பி · இரவு 11:24

இருக்கிறது. 63.99. இன்னொரு முறை 31.99. மற்ற நேரம் 63.5, 64.2 எல்லாம் ஒழுங்காகப் போயிருக்கின்றன.

போடி_மாணவி · இரவு 11:41

பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டேன்! 63.99-ஐ எஃப்ஆர்எக்ஸ்பி 0.99984 என்றும் அடுக்கு 6 என்றும் பிரிக்கும். 1024-ஆல் பெருக்கினால் 1023.84. முழு எண்ணாக்கினால் 1024. ஆனால் 11 பிட்டில் குறியோடு 1023 வரைதான் இடம். 1024-இன் பிட்களை அப்படியே வைத்தால் அது மைனஸ் 1024. ஃபேனுக்குப் போனது மைனஸ் 64 சதவீதம்!

மீட்டர்_அக்கா · ஞாயிறு காலை 7:10

சபாஷ். இதைத் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கும். 63.97-க்கும் 64-க்கும் இடைப்பட்ட எதுவும் இப்படி விழும். ஒவ்வொரு இரண்டின் அடுக்குக்கும் சற்றுக் கீழே இதே குழி இருக்கிறது. தீர்வு: முழு எண்ணாக்கிய பிறகு 1024 வந்தால் மான்டிசாவை 512 ஆக்கி அடுக்கை ஒன்று கூட்டுங்கள். 512, அடுக்கு மைனஸ் 3, விடை 64. மைனஸ் பக்கம் இந்தத் தொல்லை இல்லை, மைனஸ் 1024-க்கு இடம் உண்டு.

சின்ன எண்களையும் பாருங்கள். 0.003 வந்தால் அடுக்கு மைனஸ் 18 ஆகும், ஐந்து பிட்டில் மைனஸ் 16-க்குக் கீழே போக முடியாது. அப்போது அடுக்கை மைனஸ் 16-இல் நிறுத்தி, எண்ணை எல்டிஎக்ஸ்பி மூலம் 16 அடுக்கு உயர்த்தி முழு எண்ணாக்குங்கள், 197 வரும்.

மாணவிக்கு ஒரு எச்சரிக்கை, தேர்விலும் கேட்பார்கள். எண்ணின் அடுக்கைச் சொல்லும் லாக்பி, ஐலாக்பி பங்ஷன்கள் தரும் அடுக்கும் எஃப்ஆர்எக்ஸ்பி தரும் அடுக்கும் ஒன்றல்ல. 187.25-க்கு எஃப்ஆர்எக்ஸ்பி 8 என்று சொல்லும், ஏனெனில் அது பின்னத்தை ஒன்றுக்குக் கீழே வைக்கிறது. ஐலாக்பி 7 என்று சொல்லும், ஏனெனில் அது பின்னத்தை ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் வைத்து எண்ணுகிறது. ஒன்றில் பிரித்து மற்றதை வைத்துச் சேர்த்தால் விடை இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். பூஜ்யத்துக்கு எஃப்ஆர்எக்ஸ்பி சமர்த்தாக 0, 0 தரும். ஐலாக்பியோ இன்ட்டின் அடிமட்டத்தை ஒட்டிய ஒரு பெரிய மைனஸ் எண்ணைத் தரும். அதைத் தெரியாமல் கணக்கில் சேர்த்தால் அம்பேல்.

சும்மா_சொல்றேன் · காலை 8:02

இரவு பில்லிங் மெஷின் கோடைத் திறந்து பார்த்தேன். பவ் இருந்த இடத்தில் அடிமானம் 2 அல்ல, 10. பைசாவை ரூபாயாக்க 0.01. அது காணி, முந்திரி வியாதியாமே? இனி இன்ட்டிலேயே பைசாவாக வைத்துக்கொள்கிறேன். இதை யாரும் என் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டாம்.

குமுளி_தம்பி · திங்கள் காலை 6:50

நேற்று இரவு முழுக்க ஃபேன் நிற்கவில்லை. 63.99-ஐக் கையால் அனுப்பியும் பார்த்துவிட்டேன். அதிகாலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்த அக்காமார்கள் காயைப் பார்த்துவிட்டு நிறம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஆனால் வோல்டேஜ் லாகைப் பாருங்கள், இரவு இரண்டு மணிக்கு 171.5. ஹெக்ஸைக் கையால் பிரித்தும் பார்த்தேன், மான்டிசா 686, அடுக்கு மைனஸ் 2, கணக்கு சரி. இது லைன் பிரச்சினை, சி பிரச்சினை இல்லை. கம்பம், கூடலூர் பக்கம் யாரிடமாவது பழைய ஸ்டெபிலைசர் இருந்தால் சொல்லுங்கள். காலை ஜீப்பில் ஏற்றிவிட்டால் போதும், நான் குமுளியில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.